பண்டாரவளையில் விலைக்கு வந்த வீடு

கப்பலேறி வெளிநாடு போய் நான் பார்த்துவிட்டு வந்தது ஒரே ஒரு வீட்டைத்தான். இலங்கையில் பார்க்க எத்தனையோ கோயில்கள், யானைகள், அருவிகள் இருக்கின்றன. அதையெல்லாம் பார்த்து வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நான் போனது ஒரு அடுப்படியைப் பார்க்க.

என் வீட்டுக்காரர் வேலுச்சாமி அப்போது திருப்பூரில் தன் தம்பியோடு கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். நிட்டிங் மிஷின் ஓடும் கொட்டகையில் பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். இருபது வருடமாக அதை மூச்சோடு இழுத்ததில் அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். கோயம்புத்தூர் டாக்டர், "மிஷின் பக்கமே தலை வைக்காதீங்க. குளுகுளுன்னு, ஈரமில்லாத காத்து இருக்கற ஊருக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரமே இலங்கையிலிருந்து ராமசாமியண்ணனின் கடிதம் வந்தது. அவர் தாராபுரத்துக்காரர். சின்ன வயதில் கடல் தாண்டிப் போய் பண்டாரவளை என்ற மலை ஊரில் துணிக்கடை வைத்தவர். எங்கள் பனியனைப் பதினைந்து வருடமாக வாங்கி விற்கிறவர். வயதாகிவிட்டது, ஊரோடு வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறேன், வீட்டை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டு, கூடவே ஒரு போட்டோவும் வைத்திருந்தார். ஓட்டு வீடு, முன்னால் ஒரு பேரிக்காய் மரம், பின்னால் மலைக்கு மேல் மலை. என் வீட்டுக்காரர் அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டை முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். கம்பெனியில் தன் பங்கைத் தம்பிக்கே விற்றுவிடுவது, அந்தப் பணத்தில் வீட்டை வாங்குவது, மிச்சத்தை வைத்துக்கொண்டு மலை மேல் உட்கார்ந்து சாப்பிடுவது என்று மூன்றே நாளில் முடிவும் செய்துவிட்டார்.

"அடுப்படியைப் பார்க்காம நான் எந்த ஊட்டுக்கும் குடி வரமாட்டேனுங்க" என்றேன். அதனால்தான், ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த மகனைக் கொழுந்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

தனுஷ்கோடி வரை ரயில் போன காலம் அது. கப்பல் ஏறும் முன் சுங்கச் சோதனை. என் புளிச்சோற்று மூட்டையை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் பரிசாகக் கொடுக்க எடுத்து வந்த இரண்டு டஜன் பனியன்தான் மாட்டிக்கொண்டது. அதிகாரி ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்.

"எல்லாம் உங்களுக்கா?"

"ஆமாங்க."

"இது முப்பத்திரண்டு, இது நாற்பது. எப்படி உங்களுக்கு?"

"இங்க சாப்பிடறப்ப நாப்பதுங்க. கப்பல்ல வாந்தி எடுத்துட்டு எறங்கறப்ப முப்பத்திரண்டு ஆயிருமுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். கட்ட வேண்டியதைக் கட்டச் சொல்லி ரசீது எழுதிக்கொடுத்து அனுப்பினார். ஆனால் கப்பலில் வாந்தி எடுத்தது அவரல்ல, நான். புளிச்சோறு மூட்டை அவிழ்க்காமலே கடல் தாண்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருத்தி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கில் வைத்து, "பயப்பிடாதேங்கோ பிள்ளை, கரை தெரியுது" என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பலின் கம்பி மட்டும்தான்.

மறுநாள் மலை ரயில். நம் ஊர் ரயிலில் சுக்குக் காபி விற்பதுபோல அங்கே பருப்பு வடைமேல் ஒரு இறாலை ஒட்டி விற்கிறார்கள். வாங்கிவிட்டுத்தான் பார்த்தேன். கிருத்திகை விரதக்காரியான நான் என் வடையையும் அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, "இறால் நல்லாத்தான் இருக்குது" என்றார். அரிசி மாவு இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் வந்தபோது எனக்கு உயிர் வந்தது. அந்தச் சம்பலின் காரத்தை நம் ஊர்ச் சட்டினிக்காரர்கள் ஒருமுறை போய்க் கற்றுக்கொண்டு வரலாம்.

பாதி மலையில் ரயில் நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்து தண்டவாளத்தை மூடியிருக்கிறதாம். அள்ளிப் போட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். திருப்பூராக இருந்தால் இதற்குள் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். அங்கே எல்லோரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார்கள். கோட்டுப் போட்ட ஒரு சிங்களப் பெரியவர், பள்ளிக்கூட வாத்தியாராம், ஒரு அன்னாசிப்பழத்தை அறுத்து மிளகாயும் உப்பும் தூவி எங்களுக்கும் நீட்டினார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து அவர் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார் வாத்தியார். வீடு வாங்க என்றோம். யாரிடம்? ஊருக்குத் திரும்பிப் போகிற ஒருவரிடம். வாத்தியார் அன்னாசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னவோ சொன்னார். தோட்டத்துத் தமிழர் கொஞ்சம் தயங்கினார்.

"அவர் ஏன் போறாருன்னு கேட்டீங்களான்னு கேக்கிறாருங்க."

"பேத்தியைப் பார்க்க" என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சிங்களத்தில் கேட்டதும் வாத்தியார் தலையாட்டினார். அது ஆமாம் என்ற தலையாட்டலா, அப்படியா என்ற தலையாட்டலா என்று எனக்கு விளங்கவில்லை.

ரயில் மறுபடி கிளம்பி, மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. ஜன்னல் வழியே வந்த காற்றில் யூகலிப்டஸ் இலை வாசனை. என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்காமல் அவர் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை முகம் தெரியப் பளபளத்தது. பேரிக்காய் மரத்தில் காய் இருந்தது. அடுப்படியில் குறை கண்டுபிடிக்க நான் முயன்றேன், முடியவில்லை. நின்றபடி சமைக்க மேடை, புகை போகக் கூண்டு, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. ராமசாமியண்ணன் மனைவி தெய்வானையக்கா அந்த மேடையில் எங்களுக்கு ரசம் வைத்தாள். முப்பது வருடம் அங்கே இருந்தும் அவள் ரசம் தாராபுரத்து ரசமாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு தரம் டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து வந்தவர் சின்னப் பையன்போலச் சிரித்தார்.

"அம்மிணி, நான் படுத்துத் தூங்கினேன். மல்லாந்து படுத்துத் தூங்கினேன்."

அதற்குமேல் அவருக்கு எந்த யோசனையும் வேண்டியிருக்கவில்லை. ராமசாமியண்ணன் ஏற்பாட்டைச் சொன்னார். "பேங்க் கீங்க் ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க பணத்தைத் தாராபுரத்துல என்ற மருமவன் கையில குடுத்துருங்க. நான் இங்க ஊட்டை உங்க பேருக்கு எழுதிக் குடுத்தர்றேன். ஒரு ரூபாகூடக் கடல் தாண்ட வேண்டாம்."

"எவ்வளவு சுளுவு பாத்தியா" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம்.

எனக்கோ அந்தச் சுளுவுதான் உறுத்தியது. கம்பெனிக் கடிதங்களை எழுதுகிறவள் நான். கொழும்பிலிருந்து எங்களுக்கு வர வேண்டிய சரக்குப் பணம் எத்தனை ஃபாரம், எத்தனை முத்திரை தாண்டி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஃபாரமெல்லாம் இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

"ஏனுங்கண்ணா, இவ்வளவு நல்ல ஊட்டை விட்டுட்டுப் போறீங்களே, மனசு வருதுங்களா?" என்று கேட்டேன்.

"பேத்திங்க" என்றார் அவர். என்னைப் பார்க்காமல் பேரிக்காய் மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மதியம் ஆண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். தெய்வானையக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாதி மூடி துருவியதும் கையை நிறுத்திவிட்டாள்.

"கண்ணு, உன்ற ஊட்டுக்காரர் வந்த அன்னிக்கு ரெண்டு தடவை ரசம் வாங்கிக் குடிச்சாரு. எங்கையால சாப்பிட்ட மனுசனுக்கு நான் எப்படிப் பொய் சொல்றது?"

"என்னக்கா பொய்?"

அவள் உள்ளே போய்ப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தாள். ஆங்கிலக் காகிதம். எனக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் அங்கே இருப்பதற்கான பர்மிட் முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது, குறித்த நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முத்திரை குத்திக் குடுப்பாங்க. இந்தத் தடவை குத்தலை. ஊட்டை வித்தாலும் பணத்தை எடுத்துட்டுப் போக முடியாது, இங்கயே பேங்க்ல கிடக்கும். கொஞ்சங் கொஞ்சமா அனுமதி குடுத்தா உண்டு. அதனாலதான் ஊர்ல பணங் குடுக்கற ஆளாப் பாத்துக் கடுதாசி போட்டாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பது வருசம் இருந்த எங்களுக்கே இப்படி. நேத்து வந்த உங்களை எத்தனை நாளைக்கு இருக்க உடுவாங்க? நீங்க விக்கோணும்னா அப்ப நீங்களும் ஊர்ல பணம் குடுக்கற ஒரு ஆளைத் தேடித்தான் கடுதாசி எழுதோணும் கண்ணு."

தன் வீட்டுப் பணம் கைக்கு வராமலே போகலாம் என்று தெரிந்தே அவள் இதைச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தேங்காய் துருவல் இருவர் கையிலும் ஒட்டியது.

மாலையில் அவரை நடக்கக் கூட்டிப் போனேன். மேட்டில் ஒரு கல்லின்மேல் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

"பாதி தெரியும்" என்றார்.

"தெரியுமுங்களா?"

"பர்மிட்டுக்கு அலையோணும்னு கொழும்பு ஏவாரி ஒருத்தர் சொன்னாரு. பாத்துக்கலாம்னு இருந்தேன். எனக்கு இன்னும் எத்தனை வருசம் அம்மிணி? இருக்கற வரைக்கும் மூச்சு முட்டாம இருந்துட்டுப் போறேன். அதுக்கப்புறம் பணம் எங்க கிடந்தா என்ன?"

அவருடைய மூச்சு அன்று அவ்வளவு சீராக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"நீங்க போனதுக்கப்புறம் நான் எங்க இருப்பேனுங்க?"

அவர் குச்சி நின்றது.

"கம்பெனியில உங்க பங்கு இருக்காது, பையனுக்கும் ஒண்ணும் மிஞ்சாது. இந்த ஊட்டை என்னால விக்க முடியாது. இங்க இருக்கவும் உடமாட்டாங்க. பாசை தெரியாது. உங்களை எரிச்ச சாம்பலை எடுத்துட்டுக் கப்பல்ல வாந்தி எடுத்துட்டே தனியா வரோணுமுங்களா?"

திருமணமாகி அத்தனை வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கீழே பள்ளத்தாக்கில் ஒரு ரயில் பொம்மைபோல ஊர்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து, "நாளைக்கு யாராவது வக்கீலைக் கேப்போம்" என்றார்.

அங்கே வழக்குப் பேசுவதற்கும் பத்திரம் எழுதுவதற்கும் ஒரே ஆள்தான். புறொக்டர் என்கிறார்கள். நாங்கள் போனவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"உங்கட நாட்டில அரசாங்கத்திட்ட அனுமதி கேட்டியளோ?"

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஊரில காசு குடுத்து இஞ்ச வீடு எழுதிறது ரெண்டு நாட்டுச் சட்டத்துக்கும் ஆகாது. பிடிபட்டால் வீடும் போம், காசும் போம். சரி, பிடிபடேல்லை எண்டு வைப்பம். உங்களுக்குப் பிறகு இந்த வீடு ஆருக்கு?"

"இவளுக்குங்க."

"அப்ப இவ இஞ்ச வந்து கோட்டில மனுப் போட்டு, வரி கட்டி, பேர் மாத்தோணும். அதுக்கு வர விசா வேணும். வந்தாலும் சில மாதந்தான்." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "அது அருமையான வீடு. நானே வாங்குவன். நீங்கள் வாங்கப்படாது. உங்கட பக்கம் மலை இல்லையோ?"

"கோத்தகிரி இருக்குதுங்க" என்றேன் நான்.

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல மூணு மணி நேரமுங்க."

கிழவர் என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் நெளிந்தார். "கோத்தகிரிக்குப் போனா, மிஷின்ல ஒரு ஊசி ஒடைஞ்சாக்கூட என்ற தம்பி பஸ் ஏறி வந்துருவானுங்க. கடலைத் தாண்டிட்டா வரமாட்டான்னுதான்…"

புறொக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த குமாஸ்தா எட்டிப் பார்த்தார். எங்களிடம் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு பனியன் மட்டும் வாங்கிக்கொண்டார். முப்பத்தெட்டு சைஸ்.

ராமசாமியண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டு முடித்ததும் அவர் என்னிடம், "தெய்வானை சொன்னாளா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. புறொக்டர் சொன்னாருங்க" என்றேன். பாதி உண்மை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பதினஞ்சு வருசப் பழக்கம். உங்களைக் கொண்டாந்து மாட்டி உடப் பாத்தனுங்க. வேற வழி தெரியலீங்க. வெறுங்கையோட மருமவன் ஊட்டு வாசல்ல போயி நிக்கோணும்னு நெனைச்சாலே…"

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருமவன் ஊட்டுக்கு ஏனுங்க போறீங்க? என்ற பனியனைப் பதினஞ்சு வருசமா இங்க வித்தீங்க. இனிமேலு காதர்பேட்டையில வித்துக் குடுங்க. எனக்கும் ஆள் வேணுமுங்க, நான் இனி தூசிக்குள்ள நிக்க முடியாது."

இருவரும் வெகுநேரம் சரக்கு, சைஸ், ஆர்டர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் தெய்வானையக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பேரிக்காயை நறுக்கி என் கையில் வைத்தாள்.

மிச்சமிருந்த ஒரு வாரமும் அந்த வீட்டிலேயே இருந்தோம். வாங்கப் போவதில்லை என்று ஆனபிறகு அந்த வீடு எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. என் வீட்டுக்காரர் தினமும் மல்லாந்து படுத்துத் தூங்கினார். பேக்கரி ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும் தின்று நாற்பது சைஸ் பனியன் அவரை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தது.

ராமசாமியண்ணன் அந்த வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே விற்றார், நினைத்ததைவிடக் குறைந்த விலைக்கு. பணம் அங்கே பேங்கில் தங்கிவிட்டது. வருடா வருடம் எழுதிக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. குறித்த நாளுக்கு முன்பே இரண்டு டிரங்குப் பெட்டியோடு இருவரும் வந்து சேர்ந்தார்கள். காதர்பேட்டைக் கடையில் அவர் உட்கார்ந்தபிறகு எங்களுக்கு ஏவாரம் கூடியது.

நாங்கள் கோத்தகிரியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். கம்பெனிப் பங்கை அவர் விற்கவில்லை. அதில் வந்ததில் வாடகை போக மிச்சமே இருந்தது. அவர் பயந்ததுபோலவே கொழுந்தனார் சனிக்கிழமைதோறும் பஸ்ஸேறி வந்தார். சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை அவர் வராவிட்டால் என் வீட்டுக்காரர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்.

ஒன்பது வருடம் அப்படி மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தார். ஒரு தை மாதத்தில், இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு தெய்வானையக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். பாத்திரங்களையும் அவர் கம்பளியையும் கட்ட அரை நாள் போதுமாயிருந்தது. சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்தேன். அவர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டையைப் பஸ் வரை தூக்கி வந்தார். கையெழுத்து எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. மலை இறங்கும்வரை அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் திருப்பூர் வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டில் என் மகன் நடராஜன் நின்றிருந்தான். மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாமுங்கம்மா" என்றான்.

போனோம்.